பழைய டீசல் வண்டியும் பிடிபடாத கோளாறும்



சரக்கு விலை, வரி, தராசு முத்திரை பற்றியெல்லாம் நம் இதழில் படிக்கிறோம். கடை வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றிப் பேசுவது குறைவு. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நம்மில் பலர் விடியுமுன் அத்திப்பள்ளியைத் தாண்டி யஷ்வந்த்பூர் மண்டிக்குப் போகிறவர்கள். வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய கொள்முதல் போயிற்று.

எங்கள் டீசல் கார் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. காலையில் ஐந்தாறு முறை செல்ஃப் அடித்தால்தான் கிளம்பும். வெள்ளைப் புகை விட்டு அரை நிமிடம் தடுமாறும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். கிருஷ்ணகிரியிலிருந்து மேடேறி வரும்போது சூளகிரிப் பக்கம் சில நாள் இழுவை குறையும். பட்டறைக்குக் கொண்டுபோனாலோ ஒரே அடியில் கிளம்பி நம்மைப் பொய்யனாக்கும்.

பேட்டரி மாற்றினோம். குளோ பிளக் மாற்றினோம். நாசில்களைச் சோதித்து, பம்பைக் கழற்றி காலிபரேஷனும் செய்தோம். ஐந்து மாதத்தில் முப்பதாயிரம் போயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கம் போட்ட டீசல்தான் காரணம் என்றார்கள் நண்பர்கள். பங்கில் அடர்த்தி காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்டோம், சரியாகவே இருந்தது. கடைசியில் ஒரு பட்டறையில், "கம்ப்ரஷன் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும், எழுபதாயிரம் ஆகும்" என்றார்கள். விற்றால் வண்டி அந்த விலைக்குப் போகாது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான் மகன். கம்ப்ரஷனை அளந்து பார்த்தார்களா என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. எடை போடாமல் மூட்டை வாங்குவோமா நாம்?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய நாளிலிருந்து தத்துவம் ஒன்றுதான். காற்றை இறுக்கினால் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் எரியும். பீய்ச்சும் வேலை பம்புடையது. (பழைய மெக்கானிக்குகள் மைக்கோ பம்ப் என்பார்கள். 1951-இல் பெங்களூரில் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு 2008 முதல் பாஷ் என்று பெயர்.) டீசலோடு காற்றுக்குமிழி கலந்தால் அழுத்தம் ஏறாது, குமிழிதான் நசுங்கும். எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வரும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதி. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது.

எங்களுக்கு வழி காட்டியது கடைப் பழக்கம்தான். ஒரு நோட்டில் தினமும் குறித்தோம்: எத்தனை அடியில் கிளம்பியது, டாங்கில் எவ்வளவு டீசல், மேட்டில் நின்றதா பள்ளத்தில் நின்றதா. பத்தொன்பது நாளில் ஏழு நாள் கோளாறு. ஏழு நாளும் டாங்க் பாதிக்குக் கீழே!

அந்த நோட்டை பாகலூர் சாலையில் வேலை செய்யும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். வண்டியைத் தொடுமுன்பே சிரித்தார். "அய்யா, வெளியே சொட்டினால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே காற்று இழுத்தால் எப்படித் தெரியும்? கீறல் விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள்" என்றார். டாங்கில் மட்டம் இறங்க இறங்க உறிஞ்சும் வேலை கூடுகிறது, கீறல் வழியே காற்றும் கூடுகிறது. இரவில் வண்டி நிற்கும்போது அதே வழியாகக் காற்று புகுந்து டீசல் டாங்குக்கே திரும்பிவிடுகிறது.

கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூபில் ஒரு முழம் வெட்டி, பம்புக்கு முன்னால் லைனில் மாட்டினார். எஞ்சினை ஓட்டியதும் குமிழிகள் வரிசையாக ஓடின. பிறகு டாங்க் லைனை விட்டுவிட்டு, ஒரு கேன் டீசலிலிருந்து நேரே பில்டருக்குக் கொடுத்தார். ரிட்டர்ன் குழாயையும் அதே கேனில் விட்டார். குமிழி இல்லை. அப்படியே இரவு நிறுத்திவைத்தோம். காலையில் ஒரே அடி. ஆக, பம்பும் நாசிலும் கம்ப்ரஷனும் குற்றமற்றவை. டாங்க் பக்கம் கிளாம்புக்கு அடியில் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. ஹோஸும் இரண்டு கிளாம்பும் நானூறு ரூபாய்க்குள் முடிந்தன.

கேனில் ஓட்டியும் கோளாறு தொடர்ந்தால்தான் நாசில், பம்ப் என்று போக வேண்டும். எஞ்சினைப் பிரிக்குமுன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து எழுதி வாங்குங்கள்.

இந்த முறை பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு மட்டும். காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பைப்பைத் தளர்த்தாமல் ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அடித்துக் கிளப்பவும் கூடாது, வெடிக்கும்.

கண்ணாடி டியூபைச் சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். டீசலில் அது நாளடைவில் கெட்டுப்போகும். ஹோஸ் வாங்கும்போது டீசலுக்கு உரியது என்று கேட்டு வாங்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் தண்ணீர் ஹோஸ் ஆறு மாதம்கூடத் தாங்காது.