டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் ஒழுகினால்

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஆயிலைப் பார்ப்பார்கள், கொஞ்சம் அக்கறை கூடினால் கியர்பாக்ஸையும் பார்க்கச் சொல்வார்கள். இரண்டுக்கும் பின்னால் வண்டியின் வயிற்றில் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நினைவுக்கு வருவது, நிறுத்திய இடத்தில் கறை விழ ஆரம்பித்த பிறகுதான். கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. உள்ளே இருக்கும் ஆயில் மிகக் கொஞ்சம். மாருதி ஜிப்ஸியில் சுமார் 800 மில்லி, லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். இன்ஜினில் 200 மில்லி குறைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸில் அதே 200 மில்லி போனால் கால் பங்கு காலி. இன்ஜினுக்காவது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். இதற்குப் பெரும்பாலான வண்டிகளில் எந்த எச்சரிக்கையும் கிடையாது. ஊளைச் சத்தம் கேட்கும் நேரத்தில் பேரிங் வெந்திருக்கும்.

ஆயில் கசிகிறது என்றதும் கடைக்குப் போய்ச் சீல் வாங்குவதுதான் வழக்கம். அதை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். சீல் தானாகக் கெட்டதா, வேறு ஏதாவது அதைக் கெடுத்ததா என்று தெரியாமல் மாற்றினால், அடுத்த மழைக்குள் அதே இடத்தில் மீண்டும் கசியும்.

முதலில் மட்டம்

வண்டியை மட்டமான தரையில் நிறுத்துங்கள். அடியில் நுழைய இடம் இல்லையென்றால் ஜாக்கியில் தூக்கி, நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கினால் ஆயில் பின்னுக்குச் சாய்ந்து பொய் மட்டம் காட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போக வேண்டாம். சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருந்தால், வண்டி கியரில் இருந்தாலும், ஆட்டோமேட்டிக்கில் பார்க்கில் இருந்தாலும் உருளும்.

கேஸில் இரண்டு பிளக் இருக்கும்: மேலே ஊற்ற, கீழே வடிக்க. எப்போதும் மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள். கீழே திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல் பிளக் துருவில் இறுகி வர மறுத்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். சுண்டுவிரலை உள்ளே மடக்கிப் பாருங்கள். துளையின் கீழ் விளிம்புவரை ஆயில் இருந்தால் மட்டம் சரி. விரல் நனையவே இல்லையென்றால் அதே வகை ஆயிலை ஊற்றி மட்டத்துக்குக் கொண்டுவராமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

பிளக்கைத் திறந்ததும் ஆயில் கொட்டினால் மகிழ வேண்டாம். கியர்பாக்ஸோடு ஒட்டியே கேஸ் பொருத்தப்பட்ட வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே ஒரு சீல் உண்டு. அது போனால் கியர்பாக்ஸ் ஆயில் இங்கே இறங்கி, அங்கே குறையும். இரண்டின் மட்டத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும். வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்களில் இரண்டு பெட்டிகளுக்கும் ஆயில் போய்வர வழியே இருக்கும். அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது. ஜிப்ஸியில் கேஸ் தனியாக, ஒரு சிறு ஷாஃப்டின் வழியே கியர்பாக்ஸோடு இணைந்திருப்பதால் இந்தத் தொல்லையே இல்லை.

விரலில் ஒட்டிய ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. கண்ணில் தெரியும் உலோகத் துணுக்குகள் இருந்தால் கசிவை மறந்துவிடுங்கள். கேஸைப் பிரிக்க வேண்டும்.

எந்த ஆயில், எங்கிருந்து

இரவில் வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை விரியுங்கள். காலையில் நிறமும் மணமும் பாதிக் கதையைச் சொல்லும். கறுத்து மெலிந்திருந்தால் இன்ஜின் ஆயில். தடித்து, கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். சிவப்பாக இருந்தால் ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். செயினில் ஓடும் பல டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் ஏடிஎஃப்தான் ஊற்றுவார்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் அதே சிவப்பு என்றால் நிறத்தை வைத்து முடிவுக்கு வர முடியாது.

வண்டி ஓடும்போது ஆயில் பின்னுக்கும் கீழுக்கும் பயணம் செய்யும். டேப்பட் கவர் பேக்கிங்கில் கசிந்தது பெல் ஹவுசிங் வழியாக வந்து டிரான்ஸ்ஃபர் கேஸின் அடியில் சொட்டும். இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலும் இதே வேலையைச் செய்யும். சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவு செய்தால் பணம் வீண். ஈரத்தின் மிக உயர்ந்த, மிக முன்னால் இருக்கும் புள்ளியைத் தேடுங்கள்.

அதற்குக் கேஸ் சுத்தமாக இருக்க வேண்டும். டீக்ரீசரோ டீசலோ தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, காய விடுங்கள். வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீரைச் சீல்களின் மேலும், கேஸின் காற்றுப் போக்கியான பிரீதரின் மேலும் நேராக அடிக்க விடாதீர்கள். காய்ந்ததும் கேஸ் முழுவதும் முகப் பவுடரைத் தூவிவிட்டு, கேஸ் நன்றாகச் சூடேறும்வரை ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பவுடரில் ஈரக் கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். இதிலும் பிடிபடவில்லை என்றால் ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்ப்பது அடுத்த வழி.

கசியும் இடங்கள் எண்ணிக்கையில் அதிகமில்லை. முன், பின் வெளியீட்டுச் சீல்கள் முதலில் வரும். அவை கசிந்தால், புரொப்பல்லர் ஷாஃப்டைப் பூட்டும் சுழலும் ஃபிளேஞ்ச் ஆயிலை வீசி, மேலே பாடியின் அடித்தகட்டில் வில்லைப்போல ஒரு தெறிப்புக் கோடு போட்டிருக்கும். பார்த்தால் சந்தேகமே வராது. அடுத்து கேஸின் இரு பாதிகளும் சேரும் மூட்டு, லீவர் ராடின் சீல், ஸ்பீடோமீட்டர் கேபிள் அல்லது சென்சார் நுழையும் இடத்தின் ஓ-ரிங், பிளக் வாஷர்கள். வாஷர் பத்து நிமிட வேலை. அதனால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

ஃபிளேஞ்சின் நடு நட்டைச் சுற்றி ஈரமாக இருந்தால் சீலைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஆயில் ஷாஃப்டின் ஸ்பிளைன் பள்ளங்கள் வழியே ஏறி நட்டுக்கு அடியில் வருகிறது. இலங்கை மலையகத்தில் இன்னும் ஓடும் டிஃபெண்டர்களின் எல்டி230 கேஸில் இதைத் தடுக்கவே நட்டுக்கு அடியில் ஒரு ஃபெல்ட் வாஷர் உண்டு. சீல் மாற்றியும் நிற்கவில்லை என்று அலுத்துக்கொள்ளும் பலர் இந்தச் சிறு வாஷரை மாற்றியிருக்க மாட்டார்கள்.

ஓடும்போது மட்டும் ஒழுகி, நின்றால் ஒரு சொட்டும் விழாத கசிவு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் பிக்கப்களில் வந்த என்பி246 வகைக் கேஸ்களில் உள்ளேயிருக்கும் ஆயில் பம்ப் ஆடி ஆடிப் பின்சுவரைத் தேய்த்துத் துளையே போட்டுவிடும். துளை ஆயில் மட்டத்துக்கு மேலே இருப்பதால் அட்டையில் எதுவும் தெரியாது. பழைய வண்டியில் தரை சுத்தமாக இருந்தும் மட்டம் இறங்கினால் கேஸின் மேற்பகுதியையும் தடவிப் பாருங்கள்.

பிரீதர்

இதை யாரும் பார்ப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேஸ் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேற மேலே ஒரு சிறு மூடியோ, ரப்பர் குழாயோ இருக்கும். அதுதான் பிரீதர். சேற்றாலும் புழுதியாலும் அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் வேறு வழி தேடும். இருப்பதிலேயே பலவீனமான வழி சீலின் உதடு. புதுச் சீலாக இருந்தாலும் அதைத் தாண்டி ஆயில் வரும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்களைப்போல லோ கியரில் மணிக்கணக்காக ஊர்ந்து, பிறகு ஓடையில் இறங்கும் வண்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சூடான கேஸ் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கியதும் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகவும், பிரீதர் நன்றாக இருந்து தண்ணீருக்குள் மூழ்கினால் பிரீதர் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மேலே சொன்ன காபி நிறம் பெரும்பாலும் இப்படி வருவதுதான்.

குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும். மூடி வகை என்றால் பெட்ரோலில் கழுவி, அது விரலுக்கு அசைகிறதா என்று பாருங்கள். ஓடை கடக்கும் வண்டிகளுக்கு ஆயில் தாங்கும் ரப்பர் குழாய் ஒன்றைப் பொருத்தி, இன்ஜின் அறையின் மேல்பகுதிவரை கொண்டுபோய்க் கட்டிவிடுவது நல்லது. பிரீதரைத் திறந்த பிறகு கேஸைத் துடைத்துவிட்டுச் சில நாள் ஓட்டுங்கள். கசிவு நின்றுபோனால் செலவு அவ்வளவுதான்.

சீல் மாற்றுவது

அதற்கு முன் ஒரு சோதனை. புரொப்பல்லர் ஷாஃப்டை ஃபிளேஞ்ச் அருகே பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கேஸுக்குள் போகும் ஷாஃப்டே ஆடினால் பேரிங் போயிருக்கிறது. எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. ஷாஃப்ட் ஆடாமல் ஜாயிண்ட் கிராஸ் மட்டும் கடகடத்தால் கிராஸை மாற்றுங்கள். அதன் அதிர்வுதான் சீலைத் தின்றது.

கேஸின் இரு பாதி மூட்டு, கியர்பாக்ஸ் பக்கத்துச் சீல், வெடித்த கேஸ் இவற்றுக்குக் கேஸை இறக்க வேண்டும், பட்டறைக்கு விடுங்கள். மூட்டில் அனபாண்ட் சிலிக்கானை அள்ளிப் பூசும் பழக்கம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்பக்கம் பிதுங்கிய சிலிக்கான் உதிர்ந்து, செயின் வகைக் கேஸ்களில் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். வெளியீட்டுச் சீலை ஓரளவு கை தேர்ந்தவர் வீட்டிலேயே மாற்றலாம்.

ஷாஃப்டையும் ஃபிளேஞ்சையும் பெயிண்டால் ஒரு கோடு போட்டு அடையாளம் செய்துகொண்டு கழற்றுங்கள்; அதே நிலையில் திரும்பப் பூட்டாவிட்டால் அதிர்வு வரலாம். டிஃபெண்டரில் ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்திலேயே இருப்பதால், ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கும் இல்லை. சக்கரக் கட்டைகளை மறுபடி ஒருமுறை பாருங்கள். ஃபிளேஞ்ச் சுற்றாமல் இருக்க அதில் ஒரு நீளப் பட்டையைப் போல்ட்டில் பூட்டிப் பிடித்துக்கொண்டு நடு நட்டைக் கழற்ற வேண்டும்.

பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்துவிட்டுப் பிடுங்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பும்போது சீல் உட்காரும் துளைச் சுவரிலும் ஷாஃப்டிலும் கீறல் விழக்கூடாது. பிறகு ஃபிளேஞ்சில் சீல் உதடு ஓடிய இடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால் ரிப்பேர் ஸ்லீவ் போடுங்கள் அல்லது ஃபிளேஞ்சை மாற்றுங்கள். மெல்லிய கோடுதான் என்றால் புதுச் சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்னதாக நிறுத்தி, உதட்டைப் புது இடத்தில் ஓட வைக்கலாம்.

சீலின் சுருள்வில் தெரியும் பக்கம் உள்ளே, ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். வில்லைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் அப்பினால் தட்டும்போது வில் துள்ளி விழாது. உதட்டில் ஆயில் தடவுங்கள். காய்ந்த உதடு முதல் சில சுற்றுகளிலேயே கருகிவிடும். சீலின் வெளி விட்டத்துக்குப் பொருந்தும் குழாய்த் துண்டை வைத்துக் கோணாமல் தட்டி இறக்குங்கள். நட்டைப் புதிதாகப் போட்டு, மேனுவலில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள்.

ஆயிலில் மேனுவலை மீற வேண்டாம். ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-5 ஊற்றக் கூடாது. பித்தளை பாகங்கள் இருந்தால் அதன் ரசாயனம் அரிக்கும். பிஎம்டபிள்யூ எக்ஸ்டிரைவ் போல உள்ளே கிளட்ச் தட்டுகள் உள்ள கேஸ்களுக்கு அவர்கள் சொன்ன ஆயில் மட்டுமே. மாற்றிய பிறகு ஸ்கேனரில் பதிவையும் திருத்த வேண்டும். கசிகிறதே என்று தடித்த 140 ஆயிலை ஊற்றுவது பழைய ஜீப் காலத்து வைத்தியம். மெல்லிய ஏடிஎஃப் வேண்டிய கேஸில் அதை ஊற்றினால் பம்ப் இழுக்கத் திணறும். கசிவை நிறுத்தும் டப்பா மருந்துகள் ரப்பரை ஊத வைத்துச் சில வாரம் ஏமாற்றும். நடுவழியில் கேஸில் கல் பட்டு வெடித்தால் மட்டும், பெட்ரோலால் துடைத்துக் காயவைத்து எம்-சீல் அடைத்துக்கொண்டு மலை இறங்கலாம். ஆயில் முழுவதும் போய்விட்டால் நான்கு சக்கரமும் தூக்கும் பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள். முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்தால் பின் சக்கரங்கள் காய்ந்த கேஸைச் சுற்றவைக்கும்.

வேலை முடிந்து நூறு கிலோமீட்டரில் ஒருமுறை, ஆயிரத்தில் ஒருமுறை மட்டம் பாருங்கள். பட்டறையில் செய்தால் பழைய சீலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உதடு சுற்றிலும் விறைத்து வெடித்திருந்தால் அது வயது, கவலையில்லை. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் ஆடுகிறது, மெக்கானிக்கிடம் பேரிங்கைப் பற்றிக் கேளுங்கள். உதடு மெத்தென்று புதுசாகவே இருந்தால் தவறான பாகத்தை மாற்றியிருக்கிறீர்கள்.