ஒரு தகடும் இரு தீர்ப்பும்

கோதுமை உண்டால் குடல் நலியும் நோயொன்று உண்டு. அதனைச் சீலியாக் நோய் என்பர். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தின் தூண்டுதலால், உடலின் நோய் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. வயிற்றுப்போக்கும் சோகையும் தோன்றும். குழந்தைகள் வளர்ச்சி குன்றுவர். அத்தானியங்களை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே இதற்குரிய மருத்துவம். ரொட்டியே அன்றாட உணவான நாட்டில் இஃது எளிய விலக்கன்று. 'நோய் உண்டு' என்னும் சொல் ஒரு வீட்டின் அடுக்களையையே மாற்றிவிடும். 'இல்லை' என்னும் சொல் பிழையாயின், நோயாளி நாள்தோறும் தமக்கு ஒவ்வாததையே உண்டு மெலிவார். இத்துணை எடையுள்ள சொல்லை நெடுங்காலமாக உறுதிசெய்து வந்தவர், பெரும்பாலும் நோயாளியின் முகத்தையே காணாத நோயியல் வல்லுநர்.

1888ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்நோயைத் தெளிவாக விவரித்தார். காரணம் கோதுமை என்பதை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ தம் 1950ஆம் ஆண்டு ஆய்வேட்டில் நிறுவினார். ஆயினும் உயிருடன் இருப்பவரின் சிறுகுடலை யார் பார்ப்பது? 1950களின் நடுவில் மார்கோட் ஷைனர், வாய்வழியே செலுத்தும் குழாயினால் குடலின் திசுத்துணுக்கை எடுக்கும் முறையை உருவாக்கினார். அதுமுதல் அத்துணுக்கே இந்நோய்க்குத் தலையாய சான்றாயிற்று.

நலமுள்ள சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகள் விரல்கள்போல நீண்டு நிற்கும். அவற்றின் அடியில் குழிகள் இருக்கும். உறிஞ்சியின் உயரம் குழியின் ஆழத்தைப்போல மூன்று மடங்கேனும் இருப்பது இயல்பு. நோய் முற்றும்போது குழிகள் ஆழமாகும். உறிஞ்சிகள் குட்டையாகி, இறுதியில் சுவர் மொட்டையாகிவிடும். இவற்றுக்கு முன்பே, மேற்படலச் செல்களுக்கிடையே லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் பெருகும். இம்மாற்றங்களை இங்கிலாந்தின் மைக்கேல் மார்ஷ் 1992இல் படிநிலைகளாக வகுத்தார். 1999இல் ஓபர்ஹூபர் முதலியோர் அவற்றுள் மூன்றாம் நிலையை மிதமானது, மிகுதியானது, முழுமையானது என மூன்றாகப் பிரித்தனர்.

நுட்பமாகப் பிரித்தால் தெளிவு கூடும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்தது வேறு. ஒரே கண்ணாடித் தகட்டை ஒருவர் மிதம் என்றார். மற்றொருவர் மிகுதி என்றார். இருவரும் தேர்ந்தவர்களே. சரிவான மேட்டில் ஓரிடத்தைக் காட்டி, 'இதுவரை தாழ்வு, இதற்குமேல் உயர்வு' என்று கோடு கிழிக்கச் சொன்னால் இருவர் கோடு ஒன்றாக அமைவதில்லை. உறிஞ்சி குட்டையாவதும் அத்தகைய சரிவுதான்.

இவ்வுடன்பாட்டை அளக்க உதவுவது ஜேக்கப் கோஹென் 1960இல் வகுத்த கப்பா என்னும் அளவீடு. இருவர் நூறு தகடுகளைப் பார்த்து எண்பதில் ஒத்துப்போனால் அது பெரிய ஒற்றுமையாகத் தோன்றும். ஆனால், இருவருமே பாதித் தகடுகளுக்கு 'உண்டு' எனச் சொல்பவராயின், தகட்டைப் பாராமலே சொன்னாலும் ஏறத்தாழ ஐம்பதில் ஒத்துப்போவர். அத்தற்செயலைக் கழித்தால், எஞ்சிய ஐம்பதில் முப்பதே உண்மையான உடன்பாடு, கப்பா 0.6. முழு உடன்பாடு 1. தற்செயலே எனில் 0.

இத்தாலியின் கொராட்சாவும் வில்லனாச்சியும் 2005இல் படிநிலைகளைக் குறைத்தனர். உறிஞ்சி குட்டையாகாத நிலை ஒன்று, குட்டையானது ஒன்று, அறவே அழிந்தது ஒன்று. 2007இல் வெளியான ஒப்பீட்டில், பழைய பகுப்பைக் கொண்டு வல்லுநர்கள் பெற்ற சராசரிக் கப்பா 0.35, புதிய பகுப்பில் 0.55. பார்த்த கண்கள் அவையே. கேட்ட கேள்விதான் மாறியது. எனினும் 0.55 என்பதும் நடுத்தர உடன்பாடே. வகைகளைக் குறைத்தால் கருத்து வேறுபாடு குறையும். அதனோடு அறியக்கூடிய நுட்பமும் சிறிது குறையும் என்பதை மறத்தல் ஆகாது.

வேறுபாடு முழுவதையும் பார்ப்பவர்மீது சுமத்துவதும் முறையன்று. வெண்டைக்காயை நீளவாக்கில் அரிந்தால் அதன் நீளம் தெரியும். குறுக்கே அரிந்தால் வட்டமே தெரியும். சில மில்லிமீட்டர் அளவான குடல் துணுக்கும் அவ்வாறே. அது மெழுகில் சாய்ந்து பதிந்து சாய்வாகச் சீவப்பட்டால், நெடிய உறிஞ்சியும் குட்டையாகத் தோன்றும். நலமுள்ள குடல் நோயுற்றதாகிவிடும். துணுக்கை நிமிர்த்திப் பதிக்கும் ஆய்வக உதவியாளரின் கையிலும் தீர்ப்பின் ஒரு பங்கு இருக்கிறது. அறிக்கையில் அவர் பெயர் வருவதில்லை. மேலும், இந்நோய் குடலைச் சீராகத் தாக்காமல் திட்டுத்திட்டாகத் தாக்கும். ஆதலின் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியிலிருந்து நான்கு துணுக்குகளேனும், தொடக்கப் பகுதியிலிருந்து ஒன்றோ இரண்டோ எடுக்க வேண்டும் என வழிகாட்டுநெறிகள் கூறுகின்றன.

லிம்போசைட்டுகளை எண்ணுவதிலும் சிக்கல் உண்டு. நூறு மேற்படலச் செல்களுக்கு 40 என முன்பு கொண்ட எல்லை பின்னர் 25 எனத் தாழ்ந்தது. அதே தகடு ஒரு காலத்தில் இயல்பானது, மறுகாலத்தில் ஐயத்திற்குரியது! இவ்வணுக்கள் பெருகுவதற்கு வயிற்றில் வாழும் ஹெலிகோபாக்டர் பாக்டீரியாவும் சிலவகை வலிநீக்கி மாத்திரைகளும்கூடக் காரணமாகலாம். உறிஞ்சிகள் குட்டையாவதும் சீலியாக் நோய்க்கு மட்டும் உரியதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் ஆராயப்பட்ட வெப்பமண்டல ஸ்புரூ நோயிலும் இத்தோற்றம் காணப்படும். அதற்கோ கோதுமை விலக்கு பயன் தராது. ஆகவே வல்லுநர், குருதிச் சோதனையின் முடிவையும் நோயாளி உண்ணும் மருந்துகளையும் கேட்டறிந்தே அறிக்கையை நிறைவு செய்ய வேண்டியவராகிறார்.

2012இல் ஐரோப்பியக் குழந்தைக் குடல் மருத்துவச் சங்கம் ஒரு புதிய வழியைத் திறந்தது. குருதியிலுள்ள குறிப்பிட்ட எதிர்ப்பொருள் இயல்பின் மேலெல்லையைப்போலப் பத்து மடங்கைக் கடந்து, பிற சோதனைகளும் அதனை உறுதிசெய்தால், குழந்தையின் குடலிலிருந்து துணுக்கு எடுக்காமலே நோயை முடிவு செய்யலாம் என்றது. அவ்வெல்லைக்குக் கீழே நிற்கும் குழந்தைகளின் துணுக்குகள் இன்றும் நுண்ணோக்கியின் கீழ் வந்து சேர்கின்றன. அவற்றுள் பல, இரு வல்லுநர்கள் வேறுபடக்கூடிய இடைப்பட்ட தகடுகள்.