வீட்டுப் பட்டறையில் மரவேலை: காரணம் தருக

கனமூலை போன்ற, புத்தளம் களப்பை அண்டிய ஊர்களில் வீட்டு விறாந்தையிலேயே சிறு மரப்பெட்டி செய்யலாம். ஆனால் அங்கு வீசும் காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. இவற்றைக் கருதாது செய்த பெட்டி நீடிக்காது. ஆகவே செய்முறையுடன் காரணத்தையும் விளங்கிக் கொள்க.

1. பச்சை மரம் பயன்படுத்தலாகாது. ஏன்?
ஈரப்பற்று ஏறத்தாழ 30 சதவீதத்திற்குக் கீழே குறையும்போது மரம் சுருங்கத் தொடங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு, அகலவாக்கில் அதிகம். எனவே மூட்டு விலகும், பலகை கோணும். பலகைகளுக்கிடையே குச்சிகள் வைத்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்கி உலர்த்துக.

2. இரும்பாணியை விடப் பித்தளைத் திருகாணி சிறந்தது. ஏன்?
இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் தேவை. உப்பு அதனை விரைவுபடுத்தும். பித்தளை செம்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகம். அதில் துரு ஏற்படாது.

3. ஆணியின்றி மூட்ட முடியுமா?
முடியும். புறாவால் மூட்டில் விசிறி வடிவப் பற்கள் ஒன்றையொன்று பற்றுவதால் இழுத்தாலும் கழலாது. குர்ஆன் வைத்து ஓதும் மரபான மடிப்புப் பலகையும் ஆணி இல்லாததே. ஒரே பலகையைத் தடிப்பில் இருபுறமும் பிளந்து, நடுவே கோத்த கண்ணிகளாகச் செதுக்குவர்.

4. மரத்தைத் தேய்க்கும்போது முகக்கவசம் அணிதல் வேண்டும். ஏன்?
மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என 1995 இல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் வகைப்படுத்தியது. உறங்கும் அறையில் இவ்வேலையைச் செய்யற்க.

பரீட்சைக் குறிப்பு: "பித்தளை நல்லது" என்பது காரணமன்று. "துருப்பிடிக்காது, ஏனெனில் அதில் இரும்பு இல்லை" என்பதே காரணம்.