ஸ்பீக்கரை மாற்றும் முன் அறையைக் கவனியுங்கள்

கம்ப்யூட்டரில் பாட்டு கேட்பவர்களில் பலர், ஒலி சரியாக இல்லை என்றால் உடனே ஸ்பீக்கரை மாற்றி விடுகின்றனர். நானும் அப்படித்தான் செய்தேன். மிருதங்கத்தின் தொப்பியில் எந்த அடி விழுந்தாலும் ஒரே "பூம்" என்று கேட்டது. இருந்த ஸ்பீக்கரைப் பாதி விலைக்கு விற்று, வேறு ஒன்று வாங்கினேன். அதிலும் அதே "பூம்". பிறகுதான் குறை ஸ்பீக்கரில் இல்லை, அறையில் இருக்கிறது என்று புரிந்தது. அந்தச் செலவு உங்களுக்கு வர வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு

என் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர். நம் வீடுகளில் பெரும்பாலான அறைகள் இப்படித்தான் இருக்கும்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சில அதிர்வெண்கள் மட்டும் சிக்கிக் கொண்டு பலமாக ஒலிக்கும். அவற்றைக் கண்டுபிடிப்பது எளிது. ஒலியின் வேகத்தை, சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். 12 அடி என்பது 3.66 மீட்டர். எனவே 349ஐ 7.32ஆல் வகுத்தால் ஏறத்தாழ 48 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு (3.05 மீட்டர்) 57 ஹெர்ட்ஸ். இவற்றின் இரு மடங்கு, மும்மடங்குகளும் சிக்கும்.

இங்கேதான் என் அறையின் கோளாறு. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57, 114 ஆகியவை இரண்டு திசைகளிலும் சேர்ந்து விழுகின்றன. அகலத்தின் நடுவில் அமர்பவருக்கு அந்தத் திசையின் 57 குறைவாகவும் 114 அதிகமாகவும் கேட்கும். போதாக்குறைக்கு என் நாற்காலி பின்சுவரை ஒட்டி இருந்தது. சுவரோரத்தில் தாழ்ந்த ஒலிகள் எல்லாமே உச்சத்தில் இருக்கும்.

கணக்கு சரிதானா என்று பார்க்க, ரூம் இ.க்யூ. விசார்ட் என்ற இலவச சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினேன். அளவீட்டுக்கென்றே விற்கும் யு.எஸ்.பி. மைக் ஒன்றைக் காது இருக்கும் இடத்தில் வைத்து, அதில் உள்ள ஸ்வீப் சோதனையை ஓட்டினால் வரைபடம் கிடைக்கும். எனக்கு 48க்கு அருகிலும் 114க்கு அருகிலும் இரண்டு மேடுகள் தெரிந்தன.

செலவில்லாத மருந்து

நாற்காலியைப் பின்சுவரில் இருந்து முன்னே நகர்த்தினேன். அறை நீளத்தில் 38 சதவீதம் என்பது தொடக்கத்திற்கு நல்ல அளவு. 12 அடியில் இது சுமார் நாலரை அடி. அங்கே 48 ஹெர்ட்ஸ், சுவரோரத்தைவிட, கணக்குப்படி 8 டெசிபலுக்கு மேல் குறையும். நீளத்தின் சரி நடுவில் மட்டும் அமராதீர்கள். அங்கே அந்த ஒலி காணாமலே போய்விடும். இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக அமையட்டும்.

பேனல் செய்வது எப்படி?

அறை எதிரொலிக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபீன் என்ற பேராசிரியர், 1890களில், பேச்சே புரியாத ஒரு வகுப்பறைக்குள் இருக்கை மெத்தைகளைக் கொண்டு வந்து வைத்து, எதிரொலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்து இதனைக் கண்டுபிடித்தார். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும்.

என் அறை 34 கன மீட்டர். சிமெண்ட், டைல்ஸ் பரப்பு 63 சதுர மீட்டர். அது ஒலியில் 3 சதவீதம் அளவே உறிஞ்சும் என்று கொண்டால் 1.9 சதுர மீட்டர். எனவே காலி அறையில் ஒலி அடங்க 2.9 விநாடி ஆகும். 2 அடிக்கு 4 அடி அளவில் 8 பேனல்கள் வைத்தால் சுமார் 5.4 சதுர மீட்டர் கூடும். நேரம் முக்கால் விநாடியாகக் குறையும். மெத்தை, தடித்த திரை, உட்கார்ந்திருக்கும் ஆள் எல்லாம் சேர்ந்தால் அரை விநாடிக்கு அருகில் வந்துவிடும். பாட்டு கேட்க இது போதும். சிறிய அறைக்கு இக்கணக்கு தோராயமானதுதான். ஆனாலும் எத்தனை பேனல் தேவை என்று முடிவு செய்ய உதவும்.

மர ரீப்பரில் சட்டம் அடித்து, 2 அங்குல ராக்வூலை (கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி) வைத்து, துணியால் மூடுங்கள். துணியின் வழியே வாயால் ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும். கதர் துணி நன்றாக வேலை செய்கிறது. வேலை செய்யும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். பேனலுக்கும் சுவருக்கும் நடுவே 2 அங்குல இடைவெளி விட்டால் பலன் கூடும்.

எங்கே மாட்டுவது? நீங்கள் நாற்காலியில் அமருங்கள். வேறு ஒருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்தட்டும். ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே பேனல் வர வேண்டும். பக்கத்துக்கு 2, பின்சுவரில் 4 என மாட்டினேன். 114 ஹெர்ட்ஸை அடக்க, முன் மூலைகள் இரண்டிலும் 6 அங்குலத் தடிப்பில் தனியாக நிறுத்தினேன். அந்த மேடு தணிந்தது. 48ஐ அது அதிகம் தொடவில்லை. அதற்கு நாற்காலிதான் மருந்து.

தெர்மாகோல், முட்டை ட்ரே இரண்டும் வேண்டாம். தாழ்ந்த ஒலியில் பயன் இல்லை, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பேனல்கள் தெருச் சத்தத்தைத் தடுக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அது வேறு வேலை.

கரண்ட் போனால்?

எங்கள் வீட்டில் பாட்டி பேசிய பழைய கேசட் ஒன்று இருந்தது. டெக்கில் ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போனது. டெக்கின் உருளைகள் டேப்பை அழுத்தியபடியே நின்றுவிட்டன. மீண்டும் கரண்ட் வந்தபோது டேப் சுற்றிச் சிக்கிக் கசங்கியது. கம்ப்யூட்டரில் சரியாக மூடப்படாத கோப்பை ஆடாசிட்டி சாஃப்ட்வேரின் இம்போர்ட் ரா டேட்டா வசதி மூலம் மீட்டேன். ஆனால் டேப்பின் மறுபாதியில் இருந்த குரல் திரும்பவில்லை. பேனலை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். மின்சாரப் பாதுகாப்பை முதலில் செய்திருக்க வேண்டும்.

இப்போது வைத்திருப்பது சைன் வேவ் இன்வெர்டர். ஸ்கொயர் வேவ் வகையில் ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். இன்வெர்டரில் யு.பி.எஸ். மோடைத் தேர்வு செய்யுங்கள். இல்லையெனில் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடலாம்.

எவ்வளவு நேரம் வரும்? கம்ப்யூட்டர் மானிட்டருடன் 110 வாட், ஆம்ப்ளிஃபையர் 50, டெக் 20. மொத்தம் 180 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் 1800 வாட் ஹவர் உள்ளது. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல், இன்வெர்டர் இழப்பு 20 சதவீதம் கழித்தால் 720. அதாவது 4 மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிற்கும் நாளில் இது போதாது. தொடங்கிய பதிவை ஒழுங்காக முடித்து மூட இது தாராளம்.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். எனவே அதனை மூடிய பாட்டு அறைக்குள் வைக்கக் கூடாது. காற்றோட்டமான வராந்தாவில் வைத்தால் இன்வெர்டரின் ஃபேன் சத்தமும் உள்ளே வராது.

கடைசியாக, ஸ்பீக்கரில் "ம்ம்" என்ற உறுமல் கேட்டால் எர்த் பின்னை நீக்கிவிடாதீர்கள். உயிருக்கே ஆபத்து. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் அது எர்த் வளையம். எல்லாக் கருவிகளையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் இணையுங்கள். அல்லது ஆப்டிகல் கேபிளுக்கு மாறுங்கள்.

ஆக, வரிசை இதுதான்: முதலில் மின்சாரம், அடுத்து நாற்காலி, பிறகு பேனல். இவை மூன்றையும் முடித்த பின்னும் குறை இருந்தால் மட்டும் ஸ்பீக்கர் கடைக்குச் செல்லுங்கள். நான் அதன்பின் செல்லவில்லை.