அச்சில் விடுபட்ட பெயர்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானுக்குத் தெற்கே அமைந்துள்ள ஊர் சுங்கை காடுட். இவ்வட்டாரத் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல, பின்னாளில் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. அக்குடும்பங்களைச் சேர்ந்த மூத்தோருக்குத் தீபாவளி அன்பளிப்பு வழங்க, ஒரு குழு கணினியில் பெயர்ப் பட்டியல் தயாரிப்பதாகக் கொள்ளலாம். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அன்பளிப்பு கிடைக்காது. எனவே, அதைப் பிழையின்றி அச்சிடுவது பொறுப்புமிக்க பணியாகும்.

இப்பணிக்கு மைக்ரோசாப்ட் அக்செஸ் போன்ற தரவுத்தள மென்பொருள் உதவும். 1992ஆம் ஆண்டு வெளிவந்த இம்மென்பொருளில், பெயர், பிறந்த ஆண்டு, முகவரி போன்ற விவரங்கள் முதலில் அட்டவணையில் சேமிக்கப்படுகின்றன. அவற்றுள் தேவையானவற்றை வினவல் தெரிவு செய்கிறது. தெரிவானவற்றை அறிக்கை தாளுக்கேற்ப வரிசைப்படுத்துகிறது. அச்சுப்பொறியின் வேலை இவற்றுக்குப் பிறகே தொடங்குகிறது. ஆகவே, பிழை கண்டவுடன் அச்சுப்பொறியைக் குறைகூறக் கூடாது. முதலில் திரையில் அச்சு முன்னோட்டத்தைப் பார்க்க வேண்டும். பிழை அங்கேயே தெரிந்தால், அதன் காரணம் அச்சுப்பொறிக்கு முந்திய நிலையில் உள்ளது.

சில வேளைகளில், ஒவ்வொரு பக்கத்திற்கும் பின் ஒரு வெற்றுத்தாள் வெளிவரும். இதற்கு அகலமே பெரும்பாலும் காரணமாகும். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். இருபுறமும் 2.5 சென்டிமீட்டர் ஓரம் விட்டால், எஞ்சுவது 16 சென்டிமீட்டர். அறிக்கையை 17 சென்டிமீட்டர் அகலத்தில் வடிவமைத்திருந்தால், மீதமுள்ள 1 சென்டிமீட்டர் அடுத்த தாளுக்குப் போகும். அறிக்கையின் அகலத்தையோ ஓரத்தையோ குறைத்தால் சிக்கல் தீரும்.

இன்னொரு கணினியில் அச்சிடும்போது, தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறுவதும் உண்டு. பழைய எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினி, ஆங்கில எழுத்துகளையே காட்டும். இந்நிலையில் பெயர்கள் அழிந்துவிட்டன என்று அஞ்சி, மீண்டும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. உரிய எழுத்துருவை நிறுவலாம். அல்லது பெயர்களை யுனிகோடு முறைக்கு மாற்றலாம். யுனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் தனி எண் உண்டு.

இவ்விரு பிழைகளும் கண்ணுக்குத் தெரிபவை. மூன்றாவது பிழையோ கண்ணுக்குத் தெரியாது. ‘1960க்கு முன் பிறந்தோர்’ என்று வினவல் அமைத்தால், பிறந்த ஆண்டு குறிக்கப்படாதவர்களை மென்பொருள் விட்டுவிடும். அச்சு அழகாக இருக்கும். ஆனால், முதிய பாட்டி ஒருவரின் பெயர் அதில் இராது.

இதனை எண்ணிக்கையால் கண்டுபிடிக்கலாம். அட்டவணையில் 120 பேர் இருப்பதாகக் கொள்வோர், 1960க்கு முன் பிறந்தோர் 83 பேர், 1960இலும் அதற்குப் பின்னும் பிறந்தோர் 32 பேர் எனக் கண்டால், கூட்டுத்தொகை 115தான். எஞ்சிய ஐவரின் பிறந்த ஆண்டுக் கட்டம் வெறுமையாக இருக்கும். வெற்றுக் கட்டம் உள்ளவர்களையும் சேர்க்கும்படி வினவலைத் திருத்தி, அவர்களின் வயதை நேரில் கேட்டறிந்து பதிவு செய்ய வேண்டும்.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் எனத் திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வலியுறுத்துகிறார். கணினிக் கோளாற்றுக்கும் இது பொருந்தும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். பதறாத காரியம் சிதறாது. அச்சிட்ட பட்டியலை வழங்குமுன், அதிலுள்ள பெயர்களை அட்டவணையோடு ஒருமுறை எண்ணிப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிடங்கள், உழைத்து ஓய்ந்த ஒருவர் விடுபடாமல் காக்கும்.