பெட்ரோல் மானியும் அதன் மிதவையும்

கண்ணுக்குப் புலனாகாத ஓரிடத்தின் நிலையைக் கண்ணெதிரே காட்டுவதே அளவு கருவியின் தொழில். அக்கருவி பழுதுற்று வாளாவிருப்பின் கேடு சிறிது. பழுதுற்றும் ஏதேனும் ஒன்றைக் காட்டிக்கொண்டிருப்பின் கேடு பெரிது. தொட்டி வறண்டிருக்க, “பாதி உளது” என்று முள் காட்டுமாயின், அதனை நம்பினோன் இரவில் ஊர் இல்லா வழியில் நிற்க நேரும். பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோர் பலர் இத்துன்பத்தை அறிவர். இதனை நீக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம். பௌதிக வகுப்பிற் கற்ற மூன்று நான்கு பாடங்கள் இவ்வொரு சிறு வேலையில் ஒருங்கே பயன்படுதலை மாணவர் காணலாம்.

எடுத்துக்காட்டாக எம்.ஜி.பி. என்னும் ஆங்கில ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை இவ்வண்டி செய்யப்பட்டது. ஐந்து லட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகள் அத்தொழிற்சாலையினின்றும் வெளிவந்தமையால், இன்றும் உலகின் பல பாகங்களில் இதனை ஓட்டுவோர் உளர். தொடக்கத்தில் இதன் தொட்டி 10 காலன் கொள்வதாயிருந்தது. பின்னர் 12 காலன், அதாவது சுமார் 54 லிட்டர், கொள்வதாயிற்று.

கருவியின் அமைப்பு

பெட்ரோல் மானி என்பது ஒரு கருவியன்று. மூன்று கருவிகளின் கூட்டம். தொட்டியினுள் இருப்பது ஒன்று. ஓட்டுவோன் முன் பலகையில் இருப்பது ஒன்று. இரண்டிற்கும் வேண்டிய மின்சாரத்தை ஒழுங்குபடுத்துவது மற்றொன்று.

தொட்டியினுள் இருப்பதனைத் தொட்டிக் கருவி என்போம். மெக்கானிக்குகள் இதனை “ப்ளோட்” என்பர். ஒரு கம்பிக் கையின் நுனியில் உள்ளீடற்ற மிதவை ஒன்று உளது. பெட்ரோல் ஏற மிதவை ஏறும், இறங்க இறங்கும். கையின் மறு முனையில் உள்ள சிறு உலோக நாக்கு, மெல்லிய தடைக் கம்பி சுற்றிய ஒரு பட்டையின்மேல் உராய்ந்து நகரும். நம் சோதனைச் சாலையில் நாம் கையால் நகர்த்தும் ரியாஸ்டாட்டை இங்கே மிதவை நகர்த்துகிறது என்க. தொட்டி வெறுமையாயின் தடை சுமார் 250 ஓம். நிரம்பியிருப்பின் சுமார் 30 ஓம். தடை மிகுந்தால் அளவு குறைவு, தடை குறைந்தால் அளவு மிகுதி என்னும் இவ்விதியை மறவாதிருத்தல் வேண்டும்; பின்வரும் ஆராய்ச்சி முழுதும் இதனையே பற்றியது.

பலகையிலுள்ள மானி, முதற் சில ஆண்டு வண்டிகளில் வேறு வகையினது. பின்வந்தவற்றில் அஃது ஈருலோகப் பட்டையால் இயங்குவது. வெப்பத்தால் வெவ்வேறளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டையைச் சுற்றி ஒரு சூடேற்றுங் கம்பி உளது. மின்னோட்டம் மிகின் பட்டை சூடேறி வளைந்து முள்ளை “நிறைவு” நோக்கித் தள்ளும். இக்காரணத்தால் முள் மெல்லவே அசையும். வண்டி குலுங்கினும் அது துள்ளாது.

பாட்டரியின் அழுத்தம் வண்டி நிற்கும்போது சுமார் 12 வோல்ட்; ஓடும்போது சுமார் 14 வோல்ட். இவ்வேறுபாடு முள்ளை அலைக்காதபடி, நிலைப்படுத்தி என்னும் சிறு பெட்டி, மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்திச் சராசரி 10 வோல்ட் ஆக்குகிறது.

குற்றம் எங்கே?

முள் பொய் கூறின் உடனே புதிய கருவி வாங்குவது பலர் வழக்கம். அது நோயறியாது மருந்து கொடுப்பதை ஒக்கும். முதலில் குறிகளை நோக்குக. முள் எப்போதும் வெறுமையைக் காட்டின், மின்னோட்டம் எங்கேனும் அறுந்திருக்கலாம்; அன்றி மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். எப்போதும் நிறைவையே காட்டின், மானிக்கும் தொட்டிக் கருவிக்கும் இடைப்பட்ட கம்பி எங்கேனும் வண்டியின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு குறிப்பிட்ட அளவில் மட்டும் முள் தடுமாறின், தடைக் கம்பி அவ்விடத்தில் தேய்ந்துளது எனலாம். எல்லா அளவிலும் ஒரே படியாக மிகுத்தோ குறைத்தோ காட்டின், நிலைப்படுத்தியை ஐயுறுக.

குறிகளால் எழுந்த ஐயத்தைச் சோதனையால் உறுதி செய்தல் வேண்டும். தொட்டியைத் திறவாமுன், பெட்ரோல் கசிவோ வாடையோ இல்லையென்று தெளிந்தபின் இதனைச் செய்க. தொட்டிக் கருவியில் வந்து சேரும் பச்சை-கறுப்புக் கம்பியைக் கழற்றுக. இக்னிஷனைத் திருப்பினால் முள் வெறுமையில் நிற்றல் வேண்டும். இக்னிஷனை அணைத்துவிட்டு, அக்கம்பியை 30 ஓம் தடை ஒன்றின் வழியாக வண்டியின் சுத்தமான உலோகப் பகுதியோடு இணைத்து, மீண்டும் திருப்புக. முள் மெல்ல ஏறி நிறைவின் அருகே நிற்குமாயின், மானியும் நிலைப்படுத்தியும் கம்பியும் குற்றமற்றவை. தடை ஏதுமின்றி நேரே உடலோடு இணைத்தல் தகாது. மிகுந்த மின்னோட்டத்தால் மானியினுள் இருக்கும் சூடேற்றுங் கம்பி கெடக்கூடும்.

அடுத்து, பழைய கம்பியை மீண்டும் மாட்டி, தொட்டிக் கருவியின் உலோக உடலுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே தனிக் கம்பி ஒன்றை இணைத்துப் பார்க்க. முள் செவ்வையாகக் காட்டின், குற்றம் “எர்த்” இணைப்பின் துருவே. ஒரு துண்டு உப்புத்தாளால் அத்துருவைத் தேய்த்து நீக்கினால் போதும், செலவு ஒன்றுமில்லை. இவ்விரண்டு சோதனைகளுக்குப் பின்னும் குற்றம் நீங்காதாயின் மட்டுமே தொட்டிக் கருவியைக் கழற்றுதல் முறை.

ஓர் எச்சரிக்கை

இங்கே மாணவர் நின்று சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. பெட்ரோலினுள் மின்சாரக் கருவி இருந்தும் தொட்டி ஏன் தீப்பற்றுவதில்லை? கருவியிற் செல்லும் மின்னோட்டம் மிகச் சிறிது. அன்றியும், மூடிய தொட்டியில் பெட்ரோல் ஆவி மிக அடர்ந்திருத்தலின், எரிவதற்கு வேண்டிய காற்று அங்கே போதாது. காற்றில் இவ்வாவி நூற்றுக்குச் சுமார் 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை கலந்திருந்தால்தான் தீப்பற்றும். இதனால் பெறப்படுவது யாதெனின், நிரம்பிய தொட்டியினும் வடித்துத் திறந்த தொட்டியே அஞ்சத்தக்கது. ஏனெனின் காற்றுப் புகுந்து அவ்வபாயகரமான கலவை அப்போதுதான் உண்டாகிறது. “தொட்டி காலி, இனிப் பயமில்லை” என்று எண்ணுவோன் உயிரையே பணயம் வைப்பவனாவான்.

ஆகலின் வேலையை வெளியிடத்தில் செய்க. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது, பள்ளத்தில் தங்கும். எனவே பழுதுபார்க்கும் குழியினுள் இதனைச் செய்யலாகாது. பாட்டரியின் இணைப்பை முதலிலேயே கழற்றிவிடுக. எம்.ஜி.பி. வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் ஆசனங்களுக்குப் பின்னால் 6 வோல்ட் பாட்டரிகள் இரண்டு இருக்கும். 1974-இன் பிற்பகுதிக்குப் பின் வந்தவற்றில் 12 வோல்ட் பாட்டரி ஒன்றே. புகைத்தலும், சாதாரண மின்விளக்கும் அருகில் ஆகா. உலர்பொடித் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டுந் தூரத்தில் இருக்கட்டும்.

மாற்றும் முறை

வண்டியின் பின்புறத்தை உயர்த்தி உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் செல்லற்க. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்திடுக. இவ்வண்டியில் தொட்டிக் கருவி தொட்டியின் மேற்புறத்தில் இராது பக்கச் சுவரில் உளது. ஆதலின் பெட்ரோலை முன்னரே வடித்தல் இன்றியமையாதது. வடிகால் திருகு இருப்பின் அதன் வழியாகவும், இல்லையேல் கைப்பம்பினாலும், மூடியுள்ள உலோகக் கலங்களில் வடித்துத் தொலைவில் வைக்க. குழாயை வாயால் உறிஞ்சுதல் நுரையீரலுக்குப் பெருங் கேடு.

பின்னர்க் கம்பிகளைக் கழற்றுக. கருவியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுக; இல்லையேல் அது தொட்டியினுள் விழும். பூட்டு வளையம் துருப்பிடித்திருப்பின் எண்ணெய் இட்டுச் சில மணி நேரம் ஊறவிட்டுப் பித்தளைத் துண்டினால் மெல்லத் தட்டித் திருப்புக. இரும்பினும் பித்தளை மேலானது. அது பொறி எழுப்பாது. கருவியை நேரே இழுக்காமல் சாய்த்து வாங்கினால் மிதவைக் கை வளையாது வெளிவரும். திறந்த வாயை உடனே மூடிவைக்க.

பழைய கருவியைத் தொட்டியினின்றும் தொலைவாக எடுத்துச் சென்று மிதவையைக் குலுக்கிக் கேட்க. உள்ளே பெட்ரோல் தளும்பினால் மிதவையே குற்றவாளி. புதிய கருவியையும் அவ்வாறே தொலைவில் வைத்து, ஓம் மீட்டரை இணைத்துக் கையை மெல்ல ஏற்றி இறக்குக. தடை இடையறாது மாறுதல் வேண்டும். கடை எல்லைகள் இரண்டும் பழையதற்கு உரியவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். அமெரிக்க வண்டிகள் சிலவற்றின் கருவிகள் 0 முதல் 90 ஓம் வரையில், நேர்மாறாக இயங்குவன. வடிவு ஒத்திருப்பினும் அவை இங்கே பொய்யே கூறும். புதியதென்பதனாலேயே ஒரு பொருளைச் சோதியாது பொருத்துதல் அறிவுடைமையன்று.

பழைய வாஷரை மீண்டும் இடலாகாது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் வகைகளைக் கெடுக்குமாதலின், அதனைத் தாங்கும் புதிய வாஷரை இட்டு, கருவியைச் சரியான நிலையில் நிறுத்தி, வளையத்தை இறுக்குக. கருவியின் வாய்க்கு மேல் பெட்ரோல் நிற்குமளவு ஊற்றி ஒரு மணி நேரம் கசிவு உண்டோ எனக் காண்க. கசிவு இல்லையாயின் கம்பிகளையும், இறுதியாகப் பாட்டரியையும் இணைக்க.

இவ்வளவோடு வேலை முடிந்ததன்று. அடுத்த முறை தொட்டி ஏறக்குறைய வறண்டபோது, ஐந்தைந்து லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்குமிடத்தை ஓர் அட்டையிற் குறித்துக்கொள்க. முள் “வெறுமை”யைத் தொடும்போது உண்மையில் எத்தனை லிட்டர் எஞ்சியுளது என்பது அப்போதே விளங்கும். மானியின் முகத்தில் எழுதியிருப்பது செய்தவன் கருத்து. அட்டையில் நாம் அளந்து எழுதியது உண்மை. வழிப்பயணத்தில் நம்மைக் காப்பது பின்னதே.

ஆர்க்கிமிடீஸ் கண்ட மிதத்தல் விதியும், ஓம் கண்ட தடை விதியும், உலோகங்கள் வெப்பத்தால் விரியும் இயல்பும் ஒரு சிறு முள்ளின் அசைவில் ஒன்றுகூடி நிற்கின்றன. இவற்றை ஏட்டில் மட்டும் கற்றோன் தேர்வில் விடை எழுதுவான். கையிலும் பழகினோன் எப்பகுதியிற் குற்றம், எப்பகுதியில் இல்லை என்று வரிசையாக நீக்கி நீக்கிக் காண்பான்; குற்றமற்றதைக் குறை கூறான், ஐயத்திற்குரியதைச் சோதியாது விடான். இப்பழக்கம் மோட்டார் வண்டிக்கு மட்டும் உரியதன்று.