கல்லின் பூர்வீகம்

கேள்வி: தென்துருவக் கடலின் அடியிலிருந்து எடுத்த கல்லையும் மணலையும் பார்த்து, இது பனிப்பாளம் சுமந்து வந்தது, இன்ன மலையில் பிறந்தது என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்களாம். எங்கள் துறைமுகத்துக்கு வெளியேயும் சில சமயம் இந்தப் பக்கத்தில் காணாத கல் வலையில் ஏறி வருகிறது. அதன் பூர்வீகத்தையும் அப்படிச் சொல்லிவிட முடியுமா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தங்கள் வலையில் ஏறிய கல்லைப் பொறுத்தவரை நான் முதலில் சந்தேகிப்பது கப்பலைத்தான், மனிதர் அறிந்த காலத்தில் பனிமலை எதுவும் மன்னார் வளைகுடாவுக்கு மிதந்து வந்ததில்லை. பாய்க்கப்பல்கள் ஓடிய நாளில், சரக்கின்றி வரும் கப்பல் காற்றில் கவிழ்ந்துவிடாதிருக்க அதன் அடித்தட்டில் கல்லையும் மணலையும் ஏற்றி வருவதும், சரக்குக் கிடைத்த துறையில் அவற்றைக் கொட்டிவிட்டுப் போவதும் உலகெங்கும் இருந்த வழக்கம். பின்னர் வந்த நீராவிக் கப்பல்களோ, எரிந்து கட்டிபட்ட நிலக்கரிக் கசட்டைத் தாம் சென்ற மார்க்கம் நெடுகக் கடலில் தள்ளிக்கொண்டே போயின. ஆகவே துறைமுகத்தருகே கிடைக்கும் கல் நல்ல சாட்சியன்று.

மணலோ வேறு விஷயம். திருச்செந்தூர், மணப்பாடு கரைகளில் சிவப்பும் கறுப்புமாகப் படிந்து கிடக்கும் கார்னெட், இல்மனைட் மணலில் பெரும்பங்கு மேற்கே மலைப் பாறைகளில் பிறந்து, தாமிரபரணி முதலான ஆறுகளால் கடலுக்கு வந்து, அலையால் கரையேறியது. இதைக் கண்டறியப் பெரிய சாஸ்திரம் வேண்டியதில்லை. ஆற்றைப் பிடித்து மேலே போனால் தாய்ப்பாறை அகப்பட்டுவிடும். நீரும் காற்றும் முறத்தில் புடைப்பதுபோல் கனத்ததை ஓரிடத்திலும் இலேசானதை ஓரிடத்திலுமாகப் பிரித்துவிடுகின்றன. பனிக்கட்டிக்கு அந்த விவேகம் கிடையாது. களிமண்ணையும் மணலையும் வீடளவு பாறையையும் ஒன்றாக அணைத்து இழுத்து வந்து, உருகிய இடத்தில் அப்படியே போட்டுவிடும். வழியில் தரையோடு உராய்ந்த கற்களின் முகம் தட்டையாகி, இணையிணையாகக் கீறல் விழுந்திருக்கும்.

இந்த லட்சணத்தை நம் தேசத்தில் வேலைசெய்த பூகர்ப்ப சாஸ்திரிகள் மிக முற்காலத்திலேயே கண்டுகொண்டார்கள் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. 1856இல் ஒரிஸாவின் தால்சேர் நிலக்கரிப் பிரதேசத்தை ஆராய்ந்த பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும், மிருதுவான வண்டற்பாறையின் நடுவே பெரும் பெரும் உருண்டைக் கற்கள் புதைந்திருப்பதைக் கண்டு திகைத்து, அத்தகைய கல்லை உருட்டும் வேகமுள்ள வெள்ளம் நுண்ணிய வண்டலை அங்கே தங்க விடாது, வண்டல் தங்கும் அமைதியான நீருக்கோ அந்தக் கல்லை நகர்த்தும் சக்தி இராது என்று தர்க்கித்து, சுமந்து வந்தது பனிக்கட்டியே என்று துணிந்தார்கள். வெயில் கொளுத்தும் ஒரிஸாவில் பனியா என்று நகைத்தவர்களுக்கு விடையாக, 1875இல் ஃபெடன் என்பவர், மத்திய இந்தியாவின் சாந்தாவுக்கு அருகே இராய் என்னும் கிராமத்தில், அதே படிவத்தின் கீழே கீறலும் மெருகும் கொண்ட சுண்ணாம்புப் பாறைத் தளத்தை எடுத்துக் காட்டினார். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், அண்டார்க்டிகாவோடு ஒட்டிக்கொண்டு நம் நாடு தெற்கே கிடந்த காலத்துக் காட்சி அது.

அக்காலத்துப் பனி வந்த வழியைக் காட்டும் கல்லும் உண்டு. இன்று பாகிஸ்தானத்திலுள்ள பஞ்சாபின் உப்பு மலைத் தொடரில் இருக்கும் பனிப்படிவத்தில், அந்தச் சுற்றுப்புறத்தில் எங்குமில்லாத இளஞ்சிவப்பு ரயோலைட் கற்கள் கிடைக்கின்றன. அவற்றின் ஜன்மபூமி தெற்கே பல நூறு மைல் தொலைவில், ஜோத்பூரைச் சுற்றியுள்ள மலானி எரிமலைப் பாறைகள். இவ்வளவு அடையாளமுள்ள பாறை ஓரிடத்தில் மட்டும் இருந்துவிட்டால் போதும், கல்லே வழி சொல்லிவிடும்.

எல்லாக் கல்லும் அப்படி வாய்ப்பதில்லை. 1874இல் சாலஞ்சர் என்னும் ஆராய்ச்சிக் கப்பல் தென்கடலின் அடியைத் துழாவியபோது கருங்கல்லும் நைஸும் மணற்கல்லும் வந்தன. நடுக்கடல் தீவுகளில் இல்லாத இவை, தெற்கே ஒரு கண்டம் மறைந்திருப்பதற்கு அத்தாட்சி என்று அக்கப்பலில் சென்ற விஞ்ஞானி ஜான் மர்ரே அனுமானித்தார். அனுமானம் சரியே, ஆயினும் அந்தக் கண்டத்தில் எந்த மலை என்பதற்கு அன்று கருவி இல்லை.

இப்போது ஸிர்க்கான் என்னும் ஸ்படிகம் உதவுகிறது. அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே ஏற்று, ஈயத்தை ஒதுக்கிவிடும். அந்த யுரேனியம் 447 கோடி ஆண்டுகளில் பாதியாகும் கதியில் ஈயமாக மாறிக்கொண்டே வருவதால், இரண்டையும் அளந்தால் அந்த ஸ்படிகத்தின் வயது கிடைக்கிறது. இங்கேதான் ஒரு சங்கடம். நம் தென்கோடி மலைகளும், இலங்கையின் நடு மலைநாடும், 2012இல் நம் பாரதி ஆராய்ச்சி நிலையம் அமைந்த அண்டார்க்டிகாவின் ப்ரிட்ஸ் விரிகுடாக் கரையும் ஒரே பெருமலைத் தொடரின் துண்டுகள். 50 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்து உருமாறியவை. இந்தியா பிரிந்து வடக்கே புறப்பட்டது ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகையால் மணப்பாட்டு மணலிலும் அந்த விரிகுடாவின் சேற்றிலும் ஒரே வயதுடைய ஸ்படிகங்கள் இருக்கலாம். தனியாக ஒன்றைக் கையில் கொடுத்தால் எவராலும் ஊரைச் சொல்ல முடியாது.

அதனால் நூற்றுக்கணக்கான ஸ்படிகங்களை அளந்து, வயதுவாரியாக அவற்றின் விகிதத்தைப் பார்க்கிறார்கள். ப்ரிட்ஸ் விரிகுடாவில் வந்து இறங்கும் லாம்பர்ட் பனியாற்றின் மேற்புறத்தில், பிரின்ஸ் சார்லஸ் மலைகளின் வடபாகத்தில் சுமார் 100 கோடி ஆண்டுப் பாறைகளும், தென்பாகத்தில் 300 கோடியை எட்டும் பாறைகளும் இருக்கின்றன. இம்முதியவை சேற்றில் மிகுந்திருந்தால் பனி உள்நாட்டின் ஆழத்தைச் சுரண்டியது என்றும், குறைந்திருந்தால் கரையோரத்தை மட்டும் தேய்த்தது என்றும் கொள்ளலாம். ஸிர்க்கான் அகப்படாத நுண்சேற்றில் நியோடிமியம் என்னும் தனிமத்தின் ஐசோடோப்பு விகிதத்தை அளந்து இதைச் சரிபார்க்கிறார்கள். 1988இலும் 2000இலும் அந்த விரிகுடாவின் அடியைத் துளைத்து மண் எடுத்திருக்கிறார்கள்.

இத்தனை சிரமம் வீணன்று என்பதே என் அபிப்பிராயம். அண்டார்க்டிகாவின் தரையில் நூற்றில் ஒரு பங்குகூடப் பனிக்கு வெளியே தலைநீட்டுவதில்லை. எஞ்சிய தரையிலிருந்து கையில் எடுத்துப் பார்க்கும்படி நமக்குக் கிடைப்பது, அனேகமாக, பனி சுரண்டிக் கொண்டுவந்து கடலில் போட்ட இந்தக் கல்லும் சேறுந்தான்.